போனைப் பறிப்பதற்கு முன்

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டி, றொசல்ல பகுதித் தாய்மாருக்கும் மாணவியருக்குமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆற்றிய உரை. பேசியபடியே, ஓரிரு இடங்களை மட்டும் திருத்தி இம்மலரில் சேர்த்திருக்கிறோம்.)



கிழமை முழுக்க மலையில் நின்றுவிட்டு, கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் எங்களுக்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கிறீர்கள். துணி துவைக்கிற நாள், விறகு சேர்க்கிற நாள் இது என்பது எங்களுக்கும் தெரியும். எங்களில் பாதிப்பேர் லயத்துக் காம்பராவில் பிறந்தவர்கள்தான். ஆகையால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நூற்றாண்டுக்கு என்ன பேசலாம் என்று கூடிக் கதைத்தபோது பெண் கல்வி, சங்கத்தின் வரலாறு, மலையகம் கண்ட மாற்றங்கள் என்று பெரிய பெரிய தலைப்புகள் வந்தன. எங்களில் ஆசிரியையாக இருக்கும் ஒருவர் அதுவரை ஒன்றும் பேசாமல் இருந்தார். கடைசியில், "என் வகுப்பில் போன வருஷம் மூன்று பிள்ளைகள் இடைவிலகினார்கள். ஒன்று வீட்டுக் கஷ்டத்தால். மற்ற இரண்டும் போனால்" என்றார். அதற்குப் பிறகு வேறு தலைப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

சைபர் புல்லிங் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இணையவழித் துன்புறுத்தல் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. போன் வழியாக ஒருவரை அவமானப்படுத்துவது, மிரட்டுவது, படத்தை வெட்டி ஒட்டிப் பரப்புவது, பொய்ப் பெயரில் கணக்குத் திறந்து கேவலமாக எழுதுவது, வகுப்புக் குழுவில் ஒரு பிள்ளையை மட்டும் எல்லோரும் சேர்ந்து கேலி செய்வது எல்லாம் இதற்குள் அடங்கும்.

இது புதிது என்று நினைக்க வேண்டாம். எங்கள் காலத்தில் மொட்டைக் கடதாசி இருந்தது. கையெழுத்தை மாற்றி, பேர் போடாமல், அதிபருக்கும் தகப்பனுக்கும் எழுதுவார்கள். தண்ணீர்த் தாங்கிச் சுவரில் கரியால் இரண்டு பேரைச் சேர்த்து எழுதிவிட்டுப் போவார்கள். எங்கள் சங்கத்தில் மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார். எட்டாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் அவர்தான் முதல். யாரோ எழுதிய ஒரு மொட்டைக் கடதாசியோடு அவருடைய படிப்பு நின்றது. அடுத்த மாதமே பேர் பதிந்து கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டிவிட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கடதாசியில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு யாரும் அதைக் காட்டவே இல்லை.

அந்தக் கடதாசியை அடுப்பில் போட்டால் எரிந்துபோகும். சுவர் எழுத்தை ஒரு மழை கழுவிவிடும். இப்போது வருவது எரியாது. இரவு 9 மணிக்கு ஒருவன் போடுகிற படம் விடிவதற்குள் வட்டவளைக்கும் போகும், அட்டனுக்கும் போகும், கொழும்பில் கடையில் நிற்கிற அண்ணனின் போனுக்கும் போகும். முன்பு ஒரு பிள்ளை வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டால் கேலி வெளியே நின்றுவிடும். இப்போது அது தலையணைக்குக் கீழே வந்து படுத்துக்கொள்கிறது.

போன் எப்படி நம் வீட்டுக்குள் வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் ஆசைப்பட்டு மட்டும் வரவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடினார்கள். பாடம் வட்ஸ்அப்பில் வரும், சூம் வகுப்பு நடக்கும் என்றார்கள். நகையை அடகு வைத்து, தவணைக்கு வாங்கி, அக்கா தம்பி மூவருக்கும் ஒரே போன் என்று பிரித்துக்கொண்டு நம் பிள்ளைகள் படித்தார்கள். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, அட்டையும் கடிக்க, மலை உச்சியில் சிக்னல் தேடி நின்றார்கள். 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்தச் சம்பளத்தில் போன் வாங்குவது என்றால் எத்தனை நாள் பேருக்கான கூலி என்று நீங்களே கணக்குப் போடுவீர்கள். போனை நாம்தான் வாங்கிக் கொடுத்தோம், படிக்கத்தான் கொடுத்தோம். ஆனால் அதில் என்ன வரும், வந்தால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க நமக்கும் தெரிந்திருக்கவில்லை.

இப்போது எங்களுடைய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். விழா மலரில் இதைப் போட வேண்டுமா என்று எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. போடத்தான் வேண்டும் என்று முடிவு செய்தோம்.

சில வருஷங்களுக்கு முன் பத்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை. தோட்டத்தின் பேர் வேண்டாம். கோயில் திருவிழாவுக்குச் சேலை கட்டி ஒரு படம் எடுத்து வட்ஸ்அப் ஸ்டேட்டசில் போட்டிருந்தாள். யாரோ அதை எடுத்து, ஒரு பையனின் படத்தோடு ஒட்டி, கீழே ஓர் அசிங்கமான வரியையும் எழுதி, டியூஷன் வகுப்புக் குழுவில் போட்டுவிட்டார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் அதே பேச்சு. தகப்பன் போனைத் தரையில் அடித்து உடைத்தார். தவணை கட்டி முடியாத போன். தாய் அழுதுகொண்டு எங்களில் இரண்டு பேரிடம் ஓடி வந்தார். "ஊரே பாத்திருச்சே அக்கா, நான் என்னா செய்றது?" என்றார்.

நாங்கள் படித்தவர்கள், நாலு இடம் பார்த்தவர்கள். நாங்கள் சொன்ன யோசனை இது: "கொஞ்ச நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க. கதை அடங்கட்டும்."

கொஞ்ச நாள் இரண்டு கிழமை ஆயிற்று. இரண்டு கிழமை ஒரு தவணை ஆயிற்று. தவணைப் பரீட்சை போனது. பிறகு அவளுக்கே வெட்கம், எந்த முகத்தோடு திரும்பிப் போவது என்று. கடைசியில் கொழும்பில் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்க்க அனுப்பிவிட்டார்கள். சாதாரண தரப் பரீட்சை அவள் எழுதவில்லை. படத்தை ஒட்டியவன் எழுதினான்.

பிறகு ஒரு பொங்கலுக்கு வந்தபோது அவளைச் சந்தித்தோம். மெலிந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொல்ல முயன்றோம். அவள் சொன்னாள்: "எல்லாரும் அதப் பத்தி என்னென்னமோ பேசினாங்க. என்னா நடந்துச்சுன்னு என்னய ஒருத்தரும் கேக்கலக்கா."

இன்று நாங்கள் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இந்த ஒரு பேச்சுக்குள் இருக்கிறது.

பிள்ளைகள் ஏன் நம்மிடம் சொல்வதில்லை? பல பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தோம். படம் போட்டவனுக்குப் பயந்து அல்ல. சொன்னால் முதலில் போன் போகும், அடுத்ததாகப் பாடசாலை போகும், அதன் பிறகு அவசரமாக ஒரு மாப்பிள்ளை வருவான் என்ற பயம். மிரட்டுகிறவனுக்கும் இது தெரியும். "ஒங்கப்பாவுக்கு அனுப்பவா?" என்ற ஒரே கேள்வியில் அவனுக்கு ரீலோடும் கிடைக்கும், பணமும் கிடைக்கும், இன்னொரு படமும் கிடைக்கும். அவனுடைய கையில் இருக்கிற ஆயுதம் படம் அல்ல, அப்பாவின் கோபம்.

2016 ஜூன் மாதம் தமிழ்நாட்டில், சேலம் மாவட்டத்தில் நடந்ததை உங்களில் சிலர் வாசித்திருப்பீர்கள். 21 வயதுப் பெண், வேதியியல் படித்துப் பட்டம் பெற்றவர். அவருடைய முகத்தை வேறொரு உடலோடு பொருத்தி யாரோ முகநூலில் போட்டுவிட்டார்கள். பெற்றவர்கள் பொலிசுக்குப் போனார்கள். அங்கே நாள் கடத்தினார்கள். ஒரு பொலிஸ்காரர் அந்த ஏழைத் தகப்பனிடமே ஒரு செல்போனை இலஞ்சமாக வாங்கிக்கொண்டார் என்பதற்காகப் பிறகு பணி இடைநிறுத்தப்பட்டார். அதற்குள் இன்னொரு படமும் வந்தது. ஜூன் 27 அன்று அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகு குற்றவாளியைப் பிடித்தார்கள். மாவட்டப் பொலிஸ் அதிகாரி மன்னிப்பும் கேட்டார். அந்தப் பெண் எழுதி வைத்துவிட்டுப் போன கடிதத்தில், தன் படத்தைத் தான் யாருக்கும் அனுப்பவில்லை என்றும், பெற்றவர்களே தன்னை நம்பவில்லை என்றும் இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அந்தத் தாய் தகப்பனை நாங்கள் குற்றம் சொல்ல மாட்டோம். அவர்கள் மகளுக்காகப் பொலிஸ் வாசலில் நின்றவர்கள். ஆனாலும் வீட்டுக்குள் ஒரு வார்த்தை குறைந்துபோயிற்று, அல்லது குறைந்ததாக அந்தப் பிள்ளைக்குத் தோன்றிற்று.

இதே மாதிரி ஒன்று 2023 செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டில், அல்மெந்திராலேஹோ என்ற சின்ன ஊரில் நடந்தது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் 20க்கும் மேற்பட்ட சிறுமிகளின் சாதாரணப் படங்களை எடுத்து, ஒரு செயலியில் போட்டு, நிர்வாணப் படங்களாக மாற்றி வட்ஸ்அப்பில் பரப்பினார்கள். படம் எடுக்கவும் வேண்டாம், வெட்டி ஒட்டவும் வேண்டாம், செயற்கை நுண்ணறிவே செய்துவிடுகிறது. அந்தச் சிறுமிகளில் 11 வயதுப் பிள்ளையும் இருந்தாள். ஒரு பிள்ளையின் தாய் பெண்நோய் மருத்துவர். அவர் தன் மகளுக்கு நடந்ததை ஒளிக்காமல் தன்னுடைய சமூக வலைத்தளப் பக்கத்தில் பேசினார். மற்றத் தாய்மாரும் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். கூட்டமாகப் பொலிசுக்குப் போனார்கள். 2024 ஜூனில் 15 பையன்களுக்கு நீதிமன்றம் ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. தண்டனை கூடவா குறைவா என்பது வேறு கதை. வெட்கப்பட வேண்டியது யார் என்பதை அந்த ஊர்த் தாய்மார் ஒரு கிழமைக்குள் மாற்றி வைத்தார்கள். சேலத்தில் ஒரு வீடு தனியாக நின்றது. அங்கே இருபது வீடு சேர்ந்து நின்றது.

வேறு பாடசாலைக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிற தாய்மாரும் இருக்கிறீர்கள். கனடாவில் இருக்கும் எங்கள் சகோதரிகளுக்கு 2012இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இறந்துபோன 15 வயதுப் பிள்ளையின் கதை தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளையைப் பாடசாலை மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள். போன இடமெல்லாம் படம் பின்னாலேயே வந்தது. துன்புறுத்தியவன் கடலுக்கு அப்பால் நெதர்லாந்தில் இருந்தான். அவனைக் கனடாவுக்குக் கொண்டுவந்து தண்டிக்க 2022 ஆயிற்று.

இது பிள்ளையை என்ன செய்கிறது என்பதைக் கண்டுபிடிக்க டாக்டர் வேண்டியதில்லை, தாயே போதும். போனில் மணி அடித்தால் திடுக்கிடுவாள். போனை ஓயாமல் பார்ப்பாள், அல்லது தொடவே மாட்டாள். சோறு வேண்டாம் என்பாள். திங்கட்கிழமை காலையில் வயிற்று வலி, தலைவலி என்பாள். இரவில் தூங்க மாட்டாள், அதனால் வகுப்பில் தூங்குவாள். கூட்டாளிகளோடு பஸ்ஸுக்குப் போனவள் தனியாகப் போவாள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிற பிள்ளைகளும் உண்டு, குளிரில்லாத நாளிலும் முழுக்கை ஸ்வெட்டரைக் கழற்றாமல் இருந்தால் மெதுவாகக் கேளுங்கள். "நான் இல்லாட்டி ஒங்களுக்கு நிம்மதிதானே" என்பது போல ஒரு பேச்சு வந்தால் அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். அன்று இரவு அவளைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இரவிலும் எடுப்பார்கள்.

2019இல் யுனிசெப் 30 நாடுகளில் இளம் வயதினரிடம் கேட்டபோது, மூன்றில் ஒருவர் தாங்கள் இப்படித் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவர் அதனால் பாடசாலைக்குப் போகாமல் நின்றிருக்கிறார்கள். பணக்கார நாட்டுப் பிள்ளை ஒரு கிழமை நின்றுவிட்டுத் திரும்பிப் போகும். நம் பிள்ளை நின்றால், எங்கே போகும் என்று மேலே சொல்லிவிட்டோம்.

சரி, வந்துவிட்டது. என்ன செய்வது?

முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். "நீ ஏன் போட்டோ போட்ட?" என்ற கேள்வியை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கிவிடுங்கள். அது பிறகு கேட்கலாம், கேட்காமலும் விடலாம். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, என்ன நடந்தது என்று கேளுங்கள். அவள் உண்மையாகவே ஒரு பையனுக்குப் படம் அனுப்பியிருக்கலாம். அப்படியானாலும் அதைப் பரப்பியது அவள் அல்ல.

போனை உடைக்காதீர்கள். உடைக்கிற போனோடு சாட்சியும் உடைகிறது. நாங்கள் சொன்ன அந்தப் பிள்ளையின் விஷயத்தில் யார் முதலில் போட்டது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு இதுதான் காரணம். அந்தச் செய்தியை, படத்தை, அனுப்பியவரின் இலக்கம், பேர், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். முகநூல், டிக்டொக் என்றால் அந்தக் கணக்கின் முகவரியையும் பிரதி எடுத்து வையுங்கள், பேரை மாற்றிவிட்டாலும் முகவரி உதவும். ஒரு விஷயத்தில் கவனம்: நிர்வாணப் படமாக இருந்தால் அதை "சாட்சிக்கு" என்று மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்பிவைக்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு அனுப்பினாலும் அதுவும் பரப்புவதுதான். இதெல்லாம் எடுத்த பிறகு அவனை பிளொக் பண்ணுங்கள். முதலில் பிளொக் பண்ணிவிட்டுப் பிறகு சாட்சி தேடுகிறவர்கள்தான் அதிகம்.

பதிலுக்குத் திட்டி எழுதாதீர்கள். அண்ணன்மார் அடிக்கப் போகாதீர்கள். பணம் கேட்டு மிரட்டினால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள், கொடுத்தவனிடம்தான் திரும்பவும் கேட்பான்.

அந்தந்த நிறுவனத்துக்கு முறையிட அதே செயலிக்குள் வழி இருக்கிறது. செய்யுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 2018இல் கண்டியில், திகனவில், முஸ்லிம் மக்களுக்கு எதிராக நடந்த வன்முறையில் முகநூலுக்கு இருந்த பங்குக்காக அந்த நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. நாட்டின் பெரும்பான்மை மொழியில் எழுதிய வெறுப்பே அவர்கள் கண்ணுக்குத் தப்பியபோது, ஆங்கில எழுத்தில் தட்டிய நம் தோட்டத்துத் தமிழ் வசவு எவ்வளவு தூரம் விளங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு ‘டேக் இட் டவுன்’ என்று ஒரு இலவச வசதி 2023இலிருந்து இருக்கிறது. அமெரிக்காவில் காணாமற்போன பிள்ளைகளுக்கான நிலையம் நடத்துவது. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. போனுக்குள்ளேயே அந்தப் படத்துக்கு ஒரு இலக்கக் கைரேகை எடுத்து, அந்தக் கைரேகை மட்டும்தான் போகும். முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை அதே படம் வந்தால் அதை வைத்துக் கண்டுபிடித்து எடுத்துவிடும். வட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் போவதை இதனால் தடுக்க முடியாது. பெரியவர்களுக்கு இதே மாதிரி ‘ஸ்டொப் என்சிஐஐ’ என்று ஒன்று உண்டு. எங்கள் தங்கைகளில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் செய்து தருவார்கள்.

நம் நாட்டில் சிறுவர்களுக்கான இலக்கம் 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையுடையது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். பெண்களுக்கு 1938. பொய்க் கணக்குகளை எடுப்பிக்க ஸ்ரீ லங்கா சேர்ட் என்ற அரச நிறுவனமும், ஹிதவதி என்ற உதவிச் சேவையும் வழி சொல்லும். பொலிசுக்குப் போனால் சிறுவர், மகளிர் பிரிவுக்குப் போங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வராதீர்கள். தனியாகவும் போகாதீர்கள், எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

சட்டம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிறுவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது மட்டுமல்ல, வைத்திருப்பதே தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவில் 1995இலிருந்து குற்றம். படத்தைக் காட்டிப் பணம் கேட்பது கப்பம். 2007இன் கணினிக் குற்றச் சட்டமும் இருக்கிறது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. கருத்துச் சுதந்திரத்தின் கழுத்தை நெரிக்கும் என்று பலர் அதை எதிர்த்தார்கள், எங்களுக்குள்ளும் அதில் இரண்டு கட்சி உண்டு. ஆனால் ஒரு பிள்ளையின் படத்தைப் பரப்பியவனைப் பிடிக்க அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பழைய சட்டமே போதும், எழுதிக்கொள்கிற கை வேண்டும்.

இனி, கொஞ்சம் கசப்பான விஷயம். இதைச் செய்கிறவர்கள் யார்? எங்கோ இருக்கிற முகம் தெரியாதவன் என்று நினைக்கிறோம். அப்படியும் உண்டு. ஆனால் எங்கள் காதுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்தது அதே வகுப்புப் பிள்ளைகள், அதே பஸ்ஸில் வருகிறவர்கள், ஒருமுறை சொந்தச் சித்தி மகள். நம் வீட்டுப் பையன்கள்தான் ஒட்டுகிறார்கள், நம் வீட்டுப் பெண்பிள்ளைகள்தான் சிரிக்கிற முகத்தைப் போட்டு அடுத்த குழுவுக்குத் தள்ளுகிறார்கள். உங்கள் பிள்ளை பாதிக்கப்பட்டால் எப்படி என்று மட்டும் கேட்கிறீர்கள். உங்கள் பிள்ளை செய்திருந்தால்? அவனையும் அடித்து நொறுக்க வேண்டாம். யாருக்கு என்ன செய்தான் என்பதை அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள், எல்லாக் குழுவிலிருந்தும் அழிக்கச் செய்யுங்கள், அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். "சின்னப் பயல், விளையாட்டுக்குச் செஞ்சிட்டான்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்.

கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ படிக்கப் போகிற நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் காத்திருக்கிறது. அவர்களுடைய பேச்சையும், ஊரையும், தாயின் தொழிலையும் வைத்து மீம் போடுவார்கள். ‘தோட்டக்காட்டான்’ என்ற அந்தப் பழைய சொல் போனுக்குள் புதிதாகப் பிறந்திருக்கிறது. நாங்கள் அந்தச் சொல்லை முகத்துக்கு நேரே கேட்டு வளர்ந்தவர்கள், அதனால் பதிலும் முகத்துக்கு நேரே சொன்னோம். இருநூறு பேர் இருக்கிற குழுவில் ஒரு பிள்ளை யாருக்குப் பதில் சொல்லும்? அந்தக் குழுவில் இருக்கிற நம் மூத்த மாணவியர் அன்றைக்குச் சும்மா இருக்கக்கூடாது.

இந்த மலரை வெளிநாட்டில் இருந்து வாசிக்கப் போகிற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஸ்காபரோவிலும் லண்டனிலும் நீலகிரியிலும் இருக்கிற நீங்கள் ஊர்ச் செய்திக்கு ஏங்குகிறீர்கள், எங்களுக்குப் புரிகிறது. ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர்கள் ஒரு கடிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்த காலமும் உண்டு. ஆனால் "நம்ம தோட்டத்துப் புள்ளயா இது, பாருங்க" என்று ஒரு படம் உங்கள் குடும்பக் குழுவுக்கு வந்து, நீங்கள் அதை இன்னும் மூன்று பேருக்கு அனுப்பியிருக்கிறீர்கள். யார் என்று சொல்ல மாட்டோம். அந்தப் படம் டொரொண்டோ போய், திரும்பி, அந்தப் பிள்ளையின் பெரியப்பாவுக்கே வந்து சேர்ந்தது. இனி அப்படி வந்தால் உங்களோடு நிற்கட்டும்.

வருமுன் காப்பதற்குப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. போன் வாங்கிக் கொடுக்கிற அன்றைக்கே, "ஏதாவது வந்தா என்கிட்ட சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன், ஸ்கூலை நிப்பாட்ட மாட்டேன்" என்று சொல்லிக் கொடுங்கள். சொன்னபடி நடங்கள். இரவு போனுக்கு வீட்டில் ஓர் இடம் வையுங்கள், சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தாலும் சரி, பிள்ளையின் பாய்க்குப் பக்கத்தில் வேண்டாம். நாமும் அப்போதே வைக்க வேண்டும், சீரியல் பார்ப்பதற்கு மட்டும் விதிவிலக்குக் கேட்கக்கூடாது. ஸ்டேட்டஸ் யார் யார் பார்க்கலாம் என்று பிள்ளையிடமே கேட்டுத் திருத்தி வையுங்கள். ரீலோட் போடக் கடையில் இலக்கம் கொடுக்கும்போது மகளின் இலக்கத்தைச் சத்தமாகச் சொல்லாதீர்கள், சின்ன விஷயம்தான், ஆனால் அங்கிருந்துதான் பல தொல்லைகள் புறப்படுகின்றன. டியூஷன் ஆசிரியர்மாருக்கும் சொல்கிறோம்: குழுவைத் திறந்தது நீங்கள் என்றால், அதில் இரவு என்ன ஓடுகிறது என்று பார்க்கிற பொறுப்பும் உங்களுக்குத்தான். பாடநேரம் முடிந்ததும் குழுவைப் பூட்டிவிட்டுப் போகலாம்.

போன வருஷம் இன்னொரு பிள்ளைக்கு இதே மாதிரி நடந்தது. தாய்க்கு எழுத வாசிக்கத் தெரியாது. மகள் அழுதுகொண்டு காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "சரி, மொகத்த கழுவு. நாளைக்கு நானும் ஒங்கூட ஸ்கூலுக்கு வாரேன்" என்றாராம். அடுத்த நாள் பேரை விட்டுவிட்டு, கொழுந்து எடுக்கப் போகாமல், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பாடசாலைக் கேட்டைத் தாண்டி உள்ளே போனார். எங்களில் ஒருவரும் கூடப் போனார். அதிபர் மூன்று பையன்களையும் அவர்களுடைய பெற்றோரையும் அழைத்தார். அன்று மாலைக்குள் படம் குழுக்களிலிருந்து போயிற்று. பத்து நாள் முணுமுணுப்பு இருந்தது. அந்தப் பத்து நாளும் பிள்ளை வகுப்பில்தான் இருந்தாள். தாய்க்கு ஒரு நாள் சம்பளம் போயிற்று, அவ்வளவுதான். அவள் இந்த மண்டபத்தில் எங்கே இருக்கிறாள் என்று திரும்பித் தேடாதீர்கள்.

சங்கம் இரண்டு காரியங்களை ஏற்றிருக்கிறது. இந்தப் பகுதியில் எங்கள் மூன்று பேரின் இலக்கங்களை வாசலில் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம், வீட்டுக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நேரமும் எடுப்போம். இப்படியான காரணத்தால் இடைவிலகிய பிள்ளை யாராவது மறுபடி படிக்க வந்தால், பாடசாலையோடு பேசிச் சேர்ப்பதும், பரீட்சைவரை டியூஷன் செலவும் எங்கள் பொறுப்பு. கொழும்பில் இருக்கிற அந்தப் பிள்ளைக்கு இந்தச் செய்தியை அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

இப்போது தேநீர் வரும். அதற்குள் கேள்விகளைக் கேட்கலாம். பின்வரிசைத் தங்கைகளுக்குத் தாளும் பென்சிலும் கொடுத்திருக்கிறோம். பேர் எழுத வேண்டாம். மடித்து இந்தப் பெட்டிக்குள் போடுங்கள், அம்மாமார் கொஞ்ச நேரம் முன்னால் பார்த்துக்கொண்டிருங்கள்.